செல்ப் எடுக்காத வண்டி

ஒரே ஒரு ‘டிக்’, அதற்குமேல் ஒன்றுமில்லை, செல்ப் சுற்றவில்லை, எஞ்சின் அசையவில்லை, ஆனால் அந்த ஒரு சத்தம் இருக்கிறதே, அது எங்கிருந்து கிளம்புகிறது, கிளம்பியது ஏன் அதோடு நின்றுவிடுகிறது... இன்னொரு தரம் அமுக்குங்கள் என்றேன், டிரைவர் தீர்த்தகிரி இடது கையை நீட்டிப் பித்தானை அமுக்கினார், டிக், அவ்வளவுதான். வலது கையை மடியிலேயே வைத்திருந்தார், மணிக்கட்டு வீங்கி, மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது, அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் சத்தம். மூடியைத் தூக்கிக் காதை உள்ளே கொடுத்தேன். செல்ப்புக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சின்ன டப்பா ஒன்று உண்டு, பித்தானை அமுக்கினால் அது உள்ளே ஒரு நாக்கை இழுக்கும், அந்த நாக்கு ஒட்டுகிற சத்தம்தான் இது. ஆக டப்பா தன் வேலையைச் செய்துவிட்டது, கதவைத் திறந்து வா என்று கூப்பிட்டிருக்கிறது, வரவேண்டிய ஆள்தான் வரவில்லை. ஏன் வரவில்லை? விடியக்காலை சேலத்தில் பஸ் பிடித்து, நாமக்கல்லில் மாறி, மோகனூர் வந்து சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போயிருந்தது, அந்த ‘டிக்’கைக் கேட்டதும் இடுப்பு எனக்கு இருக்கிறதா என்பதே மறந்துவிட்டது. தெரசம்மாள் சொல்வாள், இழவு வீட்டுக்குப் போனாலும் சுவர்க்கடிகாரம் ஏன் நின்றுபோச்சென்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கிற ஆள் நீங்கள் என்று. பெண்டாட்டி சொல்கிறாள் என்று தள்ளிவிடவும் முடியாது, ஒரு தரம் அப்படிச் செய்தும் இருக்கிறேன்.

வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் பண்ணாடி வெங்கடாசலம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றுப்பாசனத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கிறவர், ஊரெல்லாம் பண்ணாடி என்பதால் எனக்கும் பண்ணாடிதான். வந்ததும் மோர் கொடுத்தார், நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்தார், பிறகு ஒரே கேள்வி. “இது நீங்க ஆடி மாசம் குடுத்த பேட்டரிதானுங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க மேஸ்திரி, மத்தத நாம் பாத்துக்கறேன்.” சீமையில் சண்டை தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது, டயர் கிடைப்பதில்லை, பெட்ரோலுக்குக் கூப்பன், நல்ல பேட்டரி ஒன்று கையில் இருந்தால் கேட்ட விலைக்குக் கொண்டுபோக ஆள் இருக்கிறது, ஆகவே டிரைவர் புதுசைக் கழற்றி விற்றுவிட்டு எங்கோ கிடந்த செத்த பேட்டரியை உள்ளே வைத்துவிட்டான் என்பது அவர் கட்டிய கணக்கு. எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டி, நான் அடையாளம் எதுவும் போட்டுக் கொடுப்பதில்லை, செத்தது என்று என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவார். தீர்த்தகிரி பதினோரு வருஷமாக அந்த வீட்டு வண்டியை ஓட்டுகிறவர். இது அத்தனையும் அவர் காதுபடவே பேசப்பட்டது, மனுஷர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை, நான் எடுக்கலைங்க என்றுகூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. எடுக்காதவன் குதிக்கமாட்டானா, சத்தியம் பண்ணமாட்டானா, பிள்ளைகளை இழுத்துத் தலையில் கை வைக்கமாட்டானா? அப்படியானால் எடுத்துவிட்டாரோ? எடுத்தவன் முகம் இப்படியா இருக்கும்? முகத்தைப் பார்த்துக் கோளாறு சொல்கிற வித்தை எனக்கு வராது, எனக்கு வண்டி முகம்தான் தெரியும். ஒரு மனுஷன் மானம் என் நாக்கில் தொங்குகிறது, எனக்கு அந்த ‘டிக்’ பெரிதாக இருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் அதுதான் பெரிதாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். வண்டிச்சாலைக்குள் வண்டி மணப்பெண் கோலத்தில் நின்றது, செவ்வந்தி மாலை கருகித் தொங்கியது, முன்விளக்கு, கண்ணாடி, கதவு, ஸ்டியரிங், ஸ்பானர், ஜாக்கி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் விபூதிப் பட்டை, அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். என்னைப் போன்ற வேதக்காரனுக்கும் அது பழக்கம்தான், சேலத்தில் என் பட்டறைப் பையன்கள் வருஷா வருஷம் செய்கிறார்கள், நான் அன்றைக்கு மட்டும் மாதா கோயில் பக்கம் போய் வருவேன், திரும்பி வந்தால் என் சுத்தியலுக்குப் பொட்டு இருக்கும், பொரிகடலை இருக்கும், நானும் தின்பேன். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்காமல் கிடந்தது. விஜயதசமி காலையில் அதை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டிருக்க வேண்டும், அன்றைக்குத்தான் முதல் ‘டிக்’. ஏன் தள்ளிப் பார்க்கவில்லை, பண்ணையத்தில் இத்தனை ஆள் இருக்கிறதே என்று கேட்டேன், வருஷத்தின் முதல் ஓட்டம் தானாகப் போக வேண்டும், தள்ளவும் கூடாது, மாடு கட்டி இழுக்கவும் கூடாது, மாடு இழுக்கிற வண்டிதான் வீட்டில் ஆறு இருக்கிறதே என்று பண்ணாடி சொல்லிவிட்டாராம். சரி, ஹாண்டில் போட்டுச் சுற்றலாமே? அப்போதுதான் தீர்த்தகிரி கட்டுப்போட்ட கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். சுற்றியிருக்கிறார், ஹாண்டில் திருப்பி அடித்துவிட்டது. ஐயோ பாவம் என்று சொன்னேன், சொல்லும்போதே உள்ளுக்குள் எனக்கு ஒரு குதியாட்டம். திருப்பி அடித்ததா? அப்படியானால் எஞ்சின் இறுகிப்போகவில்லை, கைக்குச் சுற்றியிருக்கிறது. அப்படியானால் நெருப்புப் பொறி வருகிறது, பொறி இல்லாமல் ஹாண்டில் யாரையும் அடிக்காது. பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, எஞ்சின் உயிரோடு இருக்கிறது, ஒரு மனுஷன் கை வீங்கி இத்தனையையும் எனக்குச் சொல்லிவிட்டது, நான் அந்த வீக்கத்தை ஆசையாகப் பார்த்தேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது.

இனி பேட்டரியிலிருந்து செல்ப் வரைக்கும் உள்ள பாதைதான் பாக்கி. ஹார்னை அமுக்கினேன், தொழுவத்தில் கன்றுக்குட்டி மிரள்கிற மாதிரிக் கத்தியது. முன்விளக்கைப் போடச் சொல்லி, கையைக் குவித்து நிழல் பண்ணிப் பார்த்தேன், வெள்ளை வெளேர். செத்த பேட்டரியில் விளக்கு இப்படியா எரியும், சாணி மெழுகின மாதிரி மஞ்சளாக அல்லவா எரியும்? இப்போது விளக்கு எரியட்டும், அதோடு பித்தானை அமுக்குங்கள் என்றேன். டிக். விளக்கு படக்கென்று அணைந்தது. விட்டதும் படக்கென்று எரிந்தது. இன்னொரு தரம், இன்னொரு தரம், எனக்கு அலுக்கவே இல்லை, பண்ணாடிக்குத்தான் அலுத்தது, தொண்டையைக் கனைத்தார். பேட்டரி பலவீனம் என்றால் விளக்கு மெதுவாக மங்க வேண்டும், களைத்த ஆள் உட்காருகிற மாதிரி. இது அப்படியில்லை, கொஞ்சமாகக் கேட்டால் கொடுக்கிறது, நிறையக் கேட்டால் ஒன்றுமே கிடையாது என்கிறது. ஊரில் சில பணக்காரர்கள் அப்படி, எட்டணா கேட்டால் தருவார்கள், எட்டு ரூபாய் கேட்டால் வீட்டிலேயே இல்லை என்று சொல்லி அனுப்புவார்கள். ஆக எங்கோ ஒரு இடுக்கு. சரக்கு உள்ளே நிறைய இருக்கிறது, வாசல்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. எந்த வாசல்?

ஓட்டுகிறவரின் காலடியில் உள்ள பலகையைத் தூக்கினால் அதற்கடியில் பேட்டரி. தீர்த்தகிரி இறங்கிக்கொண்டார், நான் மண்டியிட்டுப் பலகையைத் தூக்கினேன், அங்கேயும் பொட்டு, கரண்டு வெளியே வருகிற இரண்டு ஈயக் கொம்பின் தலையிலும் ஒவ்வொன்று. எங்கும் இருக்கிற பொட்டு இங்கேயும் இருக்கிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறது, கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. மூன்று அறை மூடியையும் திருகி எடுத்து, கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தேன், உள்ளே மிதக்கிற தக்கை மூன்றிலும் தலைநிமிர்ந்து நின்றது. பண்ணாடியைக் கூப்பிட்டுக் காட்டினேன், இது நான் கொடுத்த பேட்டரிதான், நிறையச் சார்ஜ் இருக்கிறது, யாரும் எதையும் மாற்றவில்லை. அவர் குனிந்து குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்தக் கண்ணாடி என்னமோ சொல்லீட்டுப் போகுதுங்க. நல்ல பேட்டரின்னா வண்டி கெளம்போணுமல்லோ?” நியாயமான கேள்வி, நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். கிளம்பினால்தான் தீர்த்தகிரி தப்புவார், குழாயில் தக்கை மிதப்பதை எந்த ஸ்டேஷனும் எழுதிக்கொள்ளாது. கொம்பைக் கவ்வியிருக்கிற கிளாம்பு இரண்டையும் விரலால் ஆட்டினேன், அசையவே இல்லை, மரையே அறுந்துபோகிற அளவுக்கு யாரோ முறுக்கியிருந்தார்கள். எப்போது கழற்றினீர்கள் என்று தீர்த்தகிரியைக் கேட்டேன். பூஜைக்கு முந்தின நாள் கழற்றி எல்லாவற்றையும் வெந்நீர் விட்டுக் கழுவினாராம், பூஜையன்றைக்கு வண்டிக்கு ஓய்வு, ஆகவே கழற்றியபடியே பலகையை மூடி வைத்தாராம், விஜயதசமி காலையில் மாட்டினாராம். இறுக்கமாகத்தானே மாட்டினீர்கள், ஆமாங்க, சரி கிளாம்பு இல்லை, அதைத் தள்ளு என்று நானே தள்ளிவிட்டேன். இருபது வருஷத் தொழில்காரன், அதைத் தள்ளிவிட்டேன்.

அப்புறம் ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பேட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகிற பட்டையைக் கழற்றித் தேய்த்தேன், டப்பாவின் இரண்டு முனையையும் தேய்த்தேன், செல்ப்பின் வயிற்றில் சுத்தியலால் தட்டினேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் அமுக்கச் சொன்னேன், ஒவ்வொரு தரமும் டிக். முதுகில் வைக்கோல் குத்தியது, எண்ணெய் நெற்றியில் சொட்டியது, அம்மணி போலிருக்கிறாய் அலங்காரம் பண்ணிக்கொண்டு, ஏன் இப்படிப் படுத்துகிறாய் என்று வண்டியோடு பேச ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் அந்த மணம். சந்தன மணம். காலையிலிருந்தே அது இருந்தது, பூஜை போட்ட வண்டியில் சந்தனம் மணக்காமல் என்ன மணக்கும் என்று விட்டிருந்தேன், ஆனால் பூசி மூன்று நாளான சந்தனம் காய்ந்து உதிர்கிறது, அது ஏன் இப்போது புதிதாக மணக்க வேண்டும்? அதுவும் எப்போதும் இல்லை... அமுக்குங்கள் என்றேன், டிக், பிடித்துக்கொண்டே இருங்கள் என்றேன், மணம் ஏறியது. விடுங்கள் என்றேன், தணிந்தது. அரைத்த சந்தனத்தில் சூடு பட்டால் எழும்புகிற மணம் அது. எங்கே சூடு? எழுந்து ஓடிப்போய்ப் பலகைக்குள் கையை விட்டு, புறங்கையால் கிளாம்பைத் தொட்டேன், சுட்டது. இறுக்கமாக இருக்கிற கிளாம்பு, அசையாத கிளாம்பு, அது சுடுகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, எனக்குக் கொள்ளுப்பேரன் பிறந்தாலும் அப்படி வராது.

கழற்றினேன். கிளாம்புக்கும் கொம்புக்கும் நடுவே சுற்றிவர ஒரு பூச்சு, சந்தனம், காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடந்தது, அதில் கிளாம்பின் உள்பக்கக் கோடுகள் அச்சாகப் பதிந்திருந்தன. ஆஹா இதுதானா, விளக்குக்குப் போகிற கொஞ்சம் கரண்டு இதில் எப்படியோ கசிந்து போய்விடும், செல்ப் கேட்கிற வெள்ளத்துக்கு இது மதகை மூடின மாதிரி. மாட்டினவர் இறுக்க இறுக்கச் சந்தனம்தான் இறுகியிருக்கிறது. துணியைக் கொஞ்சம் பெட்ரோலில் நனைத்துத் துடைக்கத் தொடங்கினேன், கை பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தது, மனசு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது, பூசியது யார்? தீர்த்தகிரியின் கை எனக்குத் தெரியும், வண்டி முழுக்க இருக்கிறது, மூன்று விரலால் ஓர் இழுப்பு, கட்டை விரலால் ஓர் அமுக்கு, குங்குமம் வழிந்து மூக்கு வரை வந்திருக்கும். இது அப்படியில்லை. சந்தனத்தைக் கொம்பு முழுக்க மெழுகியதுபோல் பூசி, மேல்முகத்தில் குங்குமம், மோதிரவிரல் நுனியால் வைத்த சின்ன வட்டம், ஓரம் பிசகாத வட்டம். தினமும் கண்ணாடி பார்த்துத் தன் நெற்றிக்கு வைத்துப் பழகிய கை. அல்லது பழகியிருந்த கை... துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தால் இரண்டாவது கொம்பைத் துடைத்தேன். பலகைக்கு அடியில் யார் வருவார்கள், அங்கே பேட்டரி இருப்பது பெண்டுகளில் யாருக்குத் தெரியும் என்று யோசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் காட்டினேன். பண்ணாடியின் மகன் தங்கமுத்து இருந்தபோது, கல்யாணமான புதிது, இதே வண்டியில் சேலம் வந்து என் பட்டறையில் நின்றார்கள், அந்தப் பெண் பூவாத்தாள் இறங்கி வந்து, இந்தப் பொட்டிக்குள்ளார என்னதானுங்க இருக்குது என்று கேட்டாள். கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குத் தலைகால் புரியாது. இதுதாம்மா வண்டியோட உசிரு, மற்றதெல்லாம் வெறும் இரும்பு என்று பெரிய உபதேசியார் மாதிரி அளந்து வைத்தேன், தங்கமுத்து சிரித்தான். அடுத்த வருஷமே விஷக்காய்ச்சலில் போய்விட்டான். இப்போது அவள் இருபத்திரண்டு வயதில் வெள்ளைச் சேலையோடு அந்த வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறாள், பூஜைத் தட்டைத் தொடக்கூடாது, பொட்டு வைத்துக்கொள்ளக்கூடாது, வைக்கவும் கூடாது, அவன் ஓட்டிய வண்டிக்கு ஊரே சேர்ந்து படையல் போடும்போது அறைக்குள் இருக்க வேண்டும். ஆகவே யார் கண்ணிலும் படாத இடத்தில்... கெட்டிக்காரப் பெண், எவ்வளவு சரியான இடம் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். கொம்பு இரண்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் புது வெள்ளி மாதிரி மின்னின.

கிளாம்பை மாட்டிப் பித்தானை நானே அமுக்கினேன். டிக் என்கிற சத்தமே கேட்கவில்லை, அதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டு உறுமியது, வண்டிச்சாலைக் கூரையிலிருந்து புறா பறந்தது, தீர்த்தகிரி கண்ணை மூடி ஒரு தரம் மூச்சு விட்டார். வண்டியை வெளியே நகர்த்தினேன், நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின, காய்ந்திருந்ததால் சாறில்லை. பண்ணாடி கட்டிலை விட்டு எழுந்து வந்து, என்ன கோளாறு என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் தொழிலிலேயே எனக்குப் பிடித்த வேலை, சாதாரணமாக அரை மணி நேரம் சொல்வேன், படம் போட்டுக் காட்டுவேன், இன்றைக்கு வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். சந்தனம் என்றால் யார் பூசியது என்பார். தீர்த்தகிரி என்றால் மூன்று நாளும் வண்டியை முடக்கிப்போட்டவன் என்று அவரைத் துரத்துவார். உண்மையைச் சொன்னால்? தாலியறுத்தவள் கை பட்டு வருஷத்தின் முதல் ஓட்டமே நின்றது என்று ஆகும், அந்தப் பெண்ணை அன்றைக்கே சேந்தமங்கலத்துக்குத் தாய்வீட்டில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். “மழைக்காலங்க, ஈயத்துல களிம்பு பூத்துக்குது, எல்லா வண்டிக்கும் வாரதுதான். யாரு மேலயும் தப்பில்லீங்க” என்றேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல ஒரு பொய் சேர்ந்தது, ஆனால் சொல்லி முடித்ததும் உள்ளே இனித்தது, கோளாறையும் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை மறைத்தும் வைத்து, இரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டோம், உபகாரசாமி மகன் தோமினிக் லேசுப்பட்ட ஆளில்லை என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பண்ணாடி தீர்த்தகிரியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, மேஸ்திரியக் கொண்டு போயி நாமக்கல்ல உட்டுட்டு வா என்றார், அதுவே அவர் பாஷையில் மன்னிப்புதான்.

காவிரியை முதுகுக்கு விட்டு வண்டி வடக்கே ஓடியது, இரண்டு பக்கமும் வாழை, அப்புறம் சோளக்காடு. தீர்த்தகிரி வலது கையை ஸ்டியரிங் மேல் சும்மா போட்டு, கியரையும் பாரத்தையும் இடது கையால் சமாளித்துக்கொண்டு வந்தார், பேச்சில்லை. எனக்கா பேசாமல் இருக்க முடியும், நான் ஏதோ பெரிய ரகசியத்தை விடுவிக்கிறவன் மாதிரி, அது களிம்பு இல்லைங்க, சந்தனம், யார் வைத்ததென்று எனக்குத் தெரியும், நீங்கள் பலகைக்கடி இருட்டில் கவனிக்காமல் அதன்மேல் கிளாம்பை மாட்டிவிட்டீர்கள் என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பாத்தனுங்க. பாத்துட்டுத்தானுங்க மாட்டுனேன்.” எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பூஜையன்று பொழுது சாயும்போது அவள் ஒரு கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு வண்டிச்சாலைக்கு வந்து போனதைப் பார்த்திருக்கிறார். காலையில் பலகையைத் தூக்கியதும் எல்லாம் விளங்கிவிட்டது. செல்ப் எடுக்காதபோது அதனால்தான் என்றும் ஒருவாறு பிடிபட்டுவிட்டது, ஆகையால்தான் முறுக்கி முறுக்கிப் பார்த்திருக்கிறார், ஹாண்டிலால் கிளப்பிவிட்டால் போதுமென்று கையை உடைத்துக்கொண்டிருக்கிறார். துடைத்துவிட்டு மாட்டியிருக்கலாமே, யார் பார்க்கப் போகிறார்கள், திருடன் என்கிற பேர் அல்லவா வந்துவிட்டது என்றேன். அவர் எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி, திரும்பவும் நடு ரோட்டுக்கு வந்த பிறகு சொன்னார். “ஆத்தங்கரையில அந்தப் புள்ளையோட பொட்ட அழிச்சாங்களே, அன்னைக்கு வண்டிக்குப் பக்கத்துல நாந்தானுங்க நின்னுட்டிருந்தேன். அது அழுத சத்தம் இன்னும் காதுல இருக்குதுங்க. இன்னொருக்கா எங்கையால அழிக்கறதுங்களா?” அப்புறம் கொஞ்ச தூரம் போயிற்று. நான் என் கையைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் என் பக்கம் திரும்பாமல், ரொம்ப மெதுவாக, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிறவராக, “மேல இருந்ததையும் தொடச்சுட்டீங்களாங்க?” என்றார்.

ஆமாம் என்றேன். சரிங்க என்றார். அதற்குப் பிறகு நாமக்கல் கோட்டை மலை தெரியும் வரை ஒன்றும் பேசவில்லை, நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அத்தனை தூரம் வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை, வண்டி ஓடுகிறது, என்ன குறை, ஒன்றும் குறையில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், கணக்கு வரவில்லை. ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் படுத்திருக்கிற நேரத்தில், அவள் அந்தப் பலகையைத் தூக்கிப் பார்ப்பாளா? பார்த்தால் இரண்டு கொம்பும் பளபளவென்று இருக்கும், உப்புத்தாள் போட்ட வேலை அல்லவா. யாருக்கோ தெரிந்துபோயிற்று என்று பயப்படுவாளா, அல்லது அந்தப் பொட்டுக்கும் இதுதான் கதி என்று பலகையை மூடிவிட்டுப் போவாளா... பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றேன், தீர்த்தகிரி கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பச் செல்ப்பை அமுக்கினார், ஒரே பிடியாகப் பிடித்தது, அதைக் கேட்டும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் துடைத்தேன்? கிளாம்பு கொம்பின் இடுப்பைத்தான் கவ்வுகிறது, கரண்டு போவது பக்கவாட்டில், சந்தனம் அடைத்ததும் பக்கவாட்டில், அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. மேல்முகத்தில் எந்தக் கரண்டும் போவதில்லை, கிளாம்பை மாட்டிய பிறகும் அது வெளியேதான் தெரியும், அங்கே இருந்த குங்குமம் பத்து வருஷம் இருந்திருந்தாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அது கோளாறே இல்லை. அது எனக்குத் தெரியும். துடைக்கும்போதும் தெரிந்தேதான் இருந்தது.